அமிட்ரிப்டிலின் அட்டையின் பின்புறம்: மூவளைய மாத்திரைகள் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி | 03.03.2024 | அம்மாபேட்டை, சேலம்

என் தாயாருக்கு வயது 59. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. தந்தை காலமான பிறகு ஆறு மாதங்களாகச் சரியாக உண்ணாமல், உறங்காமல், தறிப்பக்கமே போகாமல் இருந்ததால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. பகலெல்லாம் தூங்குகிறார், வாய் வறள்கிறது, எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்கிறார். மனம் மட்டும் மாறவில்லை. மருந்துக் கடையில் இருந்தவர், இது பழைய காலத்து மனநோய் மாத்திரை, பழக்கமாகிவிடும் என்கிறார். நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

03.03.2024, இரவு

நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே மாத்திரையை ஐந்தாண்டுகளாக உட்கொள்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் இருப்பவள்.

பன்னிரண்டு நாள்களில் மனம் மாறவில்லை என்பது மருந்து தோற்றதற்கு அடையாளம் ஆகாது. இந்த வகை மருந்தில் தூக்கம் முதல் இரவே வரும், வாய் வறட்சி முதல் வாரமே வரும், மனத்தில் தெளிவு ஏற்பட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வட்டியை முதலில் கட்டச் சொல்லிவிட்டு அசலைப் பிறகு கொடுக்கும் வட்டிக்கடைக்காரர் போன்றது இது. என்னை எடுத்துக்கொண்டால், இருபதாம் நாள் வரை எதுவும் இல்லை. அதன் பிறகு ஒரு காலை, காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை எனக்கு மீண்டும் வந்திருப்பதைக் கவனித்தேன். அவ்வளவுதான் அறிகுறி.

பழக்கமாகிவிடும் என்பதும் சரியன்று. சாராயத்தைப் போல மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கத்தை இது உண்டாக்குவதில்லை. ஆனால் உடல் இதற்குப் பழகிக்கொள்வதால் திடீரென்று நிறுத்தினால் தொல்லை கொடுக்கும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மனச்சோர்வுக்கு 75 மி.கி. முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள், 25 என்பது தொடக்க அளவு. அதற்கு இவ்வளவு மயக்கமா? அவர் வேறு என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார் என்பதை எழுதவும்.

04.03.2024

காத்திருக்கும் நேரத்தில், பழைய காலத்து மாத்திரை என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம். பழையதுதான், மறுக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் ரோலண்டு கூன் என்ற மருத்துவர், மனச்சிதைவுக்கு உதவுமா என்று பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள் அந்நோய்க்கு உதவாமல், ஆழ்ந்த சோர்வில் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்ததைக் கண்டு 1957இல் எழுதினார். அது இமிப்ரமின். அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இரு பக்கமும் பென்சீன் வளையங்கள், நடுவில் ஏழு அணுக்கள் கொண்ட ஒரு வளையம், ஆக மூன்று. ட்ரைசைக்ளிக், அதாவது மூவளையம், என்ற பெயருக்கு அதற்கு மேல் பொருள் இல்லை. கரும்பலகையில் வரைந்து காட்டினால் மூன்று தேன்கூட்டு அறைகள் ஒட்டியிருப்பது போலத் தெரியும், நடு அறை மட்டும் சற்றுப் பெருத்திருக்கும்.

மூளையில் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் ஆகிய செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளால் திரும்ப உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது, அதுவே வேண்டிய வேலை. வேண்டாத வேலைகளையும் கூடவே செய்கிறது. ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கமும் பசியும் கூடுகின்றன. இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிகிறது. அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, அருகில் உள்ள எழுத்து மங்குகிறது, சிறுநீர் தயங்குகிறது. கடைசியாகச் சொன்ன நான்கையும் நம் ஊரில் வேறு ஒரு பெயரில் எல்லோரும் அறிவர். ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு ஆவது அதுதான், அளவுதான் வேறு. ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் இந்த மாத்திரையும் தடுப்பது ஒரே இடத்தை.

05.03.2024, காலை 7.10

பட்டியலைப் பார்த்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, பிறகு "கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை". அந்த நரம்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளை ஒன்று விடாமல் படித்து எழுதவும். பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயர் எனக்கு வேண்டாம்.

05.03.2024, காலை 9.40

ப்ரீகாபலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. என்று அட்டையைப் படித்து எழுதியிருக்கிறீர்கள்.

நார்ட்ரிப்டிலினும் மூவளைய மருந்துதான், அமிட்ரிப்டிலினின் நெருங்கிய உறவு. உங்கள் தாயார் இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு மூவளைய மருந்துகளையும், அவற்றின் மேல் தூக்கத்தைக் கூட்டும் ப்ரீகாபலினையும், அதற்கும் மேல் அதே வறட்சியையும் தூக்கத்தையும் தரும் குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரையையும் உட்கொண்டு வருகிறார். இன்றே எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும். சிறுநீர் வராமல் அடிவயிறு கனத்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ மருத்துவரின் நேரத்திற்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்களுக்கு அருகில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வண்டி இல்லையென்றால் 108.

05.03.2024, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியதற்கு ஒரு திருத்தம். உறவு என்றேன், அதைவிட நெருக்கம். அமிட்ரிப்டிலின் கல்லீரலுக்குப் போனதும் அதில் ஒரு பகுதி நார்ட்ரிப்டிலினாகவே மாறுகிறது. ஆகவே ஒருவர் அமிட்ரிப்டிலின் உட்கொண்டாலே அவர் உடலில் நார்ட்ரிப்டிலினும் இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொரு மாத்திரையாக அதையே கொடுப்பது, ஏற்கெனவே தண்ணீர் ஊறும் கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

மருத்துவர்கள் மீது பழி போட இதை எழுதவில்லை. சர்க்கரை மருத்துவர் கால் எரிச்சலைப் பார்த்தார், சரியான மருந்தைத்தான் எழுதினார். மனநல மருத்துவர், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருப்பார், அம்மா "சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று சொல்லியிருப்பார். நரம்பு மாத்திரை என்பது நம் வீடுகளில் சத்து மாத்திரைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதை யாரும் மருந்தென்று எண்ணிச் சொல்வதில்லை. என் அக்கா செவ்வாய்ப்பேட்டையில் இதே மாத்திரையை வைட்டமின் என்றே நான்கு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

07.03.2024

நல்ல செய்தி எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஒரு குட்டும் இருக்கிறது. மயக்கம் முழுவதையும் மூவளைய மருந்துகளின் தலையில் நான் ஏற்றிவிட்டேன். மருத்துவர் முதலில் செய்தது விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தது. உணவைக் குறைத்துக்கொண்டு கிளிமிபிரைடை மட்டும் தவறாமல் விழுங்கியதால் சர்க்கரை தாழ்ந்திருந்தது. பாதி மயக்கம் அதனால் வந்தது. இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. சர்க்கரை நோயாளி சோர்ந்து கிடந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மற்றவை பிறகு.

படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள் என்பதைக் கவனித்தேன். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய வீழ்ச்சி. நாள்பட்ட சர்க்கரையே இதை உண்டாக்கும், மூவளைய மருந்தும் உண்டாக்கும், இரண்டும் சேர்ந்தால் இரவில் கழிவறைக்கு எழுந்த பெண்மணி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லவும். நான் அந்த இரண்டு நிமிடங்களுக்குத் திருக்குறளில் ஒரு குறளை மெதுவாகச் சொல்வது வழக்கம். ஒரு குறளுக்கு இரண்டு நிமிடம் ஆகாது என்று பேத்தி சொல்கிறாள், அவள் மூன்று முறை சொல்லச் சொல்லித் திருத்தியிருக்கிறாள்.

சர்க்கரை மருத்துவர் நார்ட்ரிப்டிலின் இல்லாத ப்ரீகாபலினுக்கு மாற்றினார், மனநல மருத்துவர் அமிட்ரிப்டிலினை 10 மி.கி.க்கு இறக்கி, மெதுவாக ஏற்றுவதாகச் சொன்னார், கிளிமிபிரைடின் அளவும் குறைந்தது. இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் அரிய செய்தி.

10.03.2024

இங்கே ஒருவர், ஒற்றைத் தலைவலிக்கு எனக்கு இதே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு மனநோய் என்று பொருளா எனக் கேட்டிருக்கிறார். இல்லை. தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் நரம்பு வலிக்கும் 10 அல்லது 25 மி.கி. கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கு இமிப்ரமின் கொடுப்பதும் உண்டு. மனநோய் என்றே இருந்தாலும் என்ன குறைவு என்பது வேறு கேள்வி, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்குப் பதில் சொல்லும்போது, சிறிய அளவில் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நேற்று எழுதிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயத்தின் மின்னோட்டத்தில் தடை உள்ளவர்களுக்கும் இந்த மருந்து கூடாது. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் தொடங்குமுன் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. எனக்கு எடுத்தார்கள், அது என்னவோ வீண் செலவு என்று நான் மருத்துவரிடம் முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. கண்ணில் குறுங்கோண வகை நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்களும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில், உறங்காமல், கையில் இருந்த பணத்தை எல்லாம் செலவழித்துத் திரிந்த காலம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களை இந்த மருந்து மீண்டும் அந்நிலைக்குத் தள்ளக்கூடும்.

16.03.2024

சளி மாத்திரையால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்டவருக்கு, எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

2021இல், அக்கா வீட்டிலிருந்து மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில், நிரம்பிய பேருந்து, கடைசி இருக்கை. எனக்கு வளைவுகளில் குமட்டும் என்பதால் அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு வாந்தி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ப்ரோமெத்தசின். முதல் நாள் இரவு வழக்கமான 50 மி.கி. உட்கொண்டிருந்தேன். காலையில் மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரையும் போட்டிருந்தேன். அடிவாரத்தில் வண்டி நின்று கிளம்பியது நினைவிருக்கிறது. முதல் கொண்டை ஊசி வளைவின் பலகையைப் படித்தேன், மூன்றாவது பலகையில் எண் இரட்டையாகத் தெரிந்தது, அதற்கு மேல் இருபதாம் வளைவு வரை ஒன்றும் நினைவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்க வேண்டியவளைக் கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் தோளைத் தட்டி எழுப்பினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த ஊர் என்று அவரிடம் கேட்க வாய் திறந்தேன், சொல் வரவில்லை. அவர் என்னைக் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவளுக்கு அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. அன்று மாலை வரை சிறுநீர் கழிக்கவும் முடியவில்லை, அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மடமை.

மூன்றும் ஒரே கதவை அடைக்கும் மருந்துகள். வயிற்று வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைசைக்ளோமினும் அதே கூட்டம். இவற்றில் என் இரவு மாத்திரையைத் தவிர எதற்கும் மருத்துவர் சீட்டு எழுதவில்லை. மற்றவை நாமே கேட்டு வாங்கியவை, அல்லது அன்பின் பெயரால் அக்கா கொடுத்தவை.

16.03.2024, சற்றுப் பின்

மேலே எழுதியதைப் படித்த அக்கா தொலைபேசியில் அழைத்து, என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டாயே என்றாள். அவள் கொடுத்தது ஒன்றுதான், நான் போட்டது மூன்று. பதிவு செய்யப்பட்டது.

17.03.2024

வாந்தி மாத்திரைக்கு மாற்று என்ன என்று மூவர் கேட்டுவிட்டார்கள். முன் இருக்கை, திறந்த சன்னல், வெறும் வயிறும் இல்லாத நிறைந்த வயிறும் இல்லாத நிலை, கையில் முகர்வதற்கு ஒரு எலுமிச்சம்பழம். எங்கள் பாட்டி காலத்து முறை. அறிவியல் ஆதாரம் கேட்காதீர்கள், பழம் நார்ட்ரிப்டிலினோடு சண்டை போடாது என்பது மட்டும் உறுதி.

இந்த மருந்தைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவு ஏற்றிய நாள்களிலும் வண்டி ஓட்டக் கூடாது. அதுவும் மலைப்பாதையில்.

24.03.2024

மாத்திரை எப்போது உட்கொள்வது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் வந்திருக்கிறது. படுக்கும்போது என்று நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பத்தரை மணிக்குப் போட்டால் காலை பத்து வரை தலை கனக்கிறது என்று ஒருவர் எழுதியதைப் படித்த பிறகுதான், என் மருத்துவரே எட்டு மணிக்குப் போடச் சொன்னது நினைவுக்கு வந்தது. உடலில் பாதியளவு கழியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் மருந்து இது. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போடுவது பலருக்குப் பொருந்துகிறது. ஓர் இரவு மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது, வழக்கமான அளவு மட்டும்தான்.

நிறுத்துவதைப் பற்றி. 2020 ஊரடங்கில் மலைக்குப் பேருந்துகள் நின்றன. என் அட்டையில் கடைசி மாத்திரை முடிந்தது. ஒன்பது மாதம் நன்றாக இருந்தேன், இனி எதற்கு என்றும் ஓர் எண்ணம், ஆகவே அதை முயற்சி எடுத்து வாங்கவும் இல்லை. இரண்டாம் இரவு உறக்கம் போயிற்று. மூன்றாம் நாள் குமட்டல், வியர்வை, மூக்கில் நீர், காய்ச்சல் வருவது போன்ற குளிர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு குளிர் வந்தால் மனம் எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டில் என்னைத் தனி அறையில் வைத்துத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். நான்காம் இரவு கனவுகள் அவ்வளவு தெளிவாக இருந்தன, இறந்துபோன கணவர் தோட்டத்துக் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று மின்கட்டண அட்டையைக் கேட்டார். மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்த பிறகுதான் இது தொற்று அன்று, மருந்து நின்றதன் விளைவு என்று தெரிந்தது. பழைய அளவை ஒரேயடியாகத் தொடங்காமல் படிப்படியாக ஏற்றச் சொன்னார். பிறகு எப்போதாவது நிறுத்துவதென்றால் குறைந்தது நான்கு வாரங்களாவது எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும் என்றார்.

02.04.2024

இந்தக் குறிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

இம்மருந்தின் பெரிய குறை வாய் வறட்சி அன்று. சொன்ன அளவில் காக்கும், அளவு மீறினால் இதயத்தை நிறுத்தும். புதிய தலைமுறை மனச்சோர்வு மருந்துகளோடு ஒப்பிட்டால் இதில் பாதுகாப்பு எல்லை மிகக் குறுகியது. அந்தக் காரணத்தால்தான் இதே குடும்பத்தைச் சேர்ந்த டோசுலெபின் என்ற மருந்தைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று பிரிட்டனில் அறிவுறுத்தியிருக்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர் கையிலேயே அந்த அட்டை இருக்கிறது என்பதை வீட்டார் கூச்சப்படாமல் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கக் கூடாது. சோர்வு கடுமையாக இருக்கும் காலத்தில் மாத்திரையை வேறொருவர் வைத்திருந்து ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் மருமகள் எனக்கு அப்படித்தான் ஆறு மாதம் கொடுத்தாள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, எட்டு மணிக்கு ஒருத்தி தண்ணீர்க் குவளையோடு வந்து நிற்பாள் என்பதே அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே ஒழுங்கு என்று புரிந்தது.

இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. அவர்களைத் தனியே விடாமல் கவனிக்க வேண்டும். யாருக்காவது அத்தகைய எண்ணம் இருந்தால், இரவு எந்த நேரமானாலும் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு.

குழந்தைகள். சில மாத்திரைகளே ஒரு சின்னக் குழந்தையின் உயிருக்குப் போதும், இவை சர்க்கரைப் பூச்சு மிட்டாய் போலவே பளபளப்பாக இருக்கும். என் பேரன் மூன்று வயதில் என் கைப்பையைக் கவிழ்த்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து, எண்ணிக்கை கற்றுக்கொண்ட புதிதில் "ஒண்ணு" என்று சொல்லி என்னிடம் நீட்டினான். வாயில் போடவில்லை. அன்று முதல் மாத்திரைகள் பீரோவுக்குள், சாவி என் கழுத்தில், தாலிக்கொடி இருந்த இடத்தில். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே போதும், நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்கக் கூடாது. முதல் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு அடுத்த சில மணி நேரங்களில் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அட்டையோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

03.04.2024

மருத்துவமனையில் இதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கு: இ.சி.ஜி.யில் அலை அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட்டை இரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். மருந்து இதயத்தின் சோடியம் வழிகளை அடைக்கிறது, அதை எதிர்க்கச் சோடியமும் காரத்தன்மையும் உதவுகின்றன. வேதியியல் ஆசிரியைக்கு இதைவிட மனநிறைவு தரும் விடை கிடையாது. உடனே ஒருவர், ஆப்ப சோடாவும் அதுதானே என்று எழுதிவிட்டார். பொருள் அதுதான். வீட்டில் கரைத்துக் கொடுப்பது உதவாது, நேரத்தைத்தான் தின்னும்.

28.04.2024

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும் இந்நாள்களில் ஓர் எச்சரிக்கை. இம்மருந்து வியர்வையையும் குறைக்கக்கூடும், ஆகவே உடல் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். தகரக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுபவர்களும் சவ்வரிசி ஆலைகளில் களத்தில் மாவு காய வைப்பவர்களும் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் தோல் உலர்ந்து சூடாக இருந்து, பேச்சும் தடுமாறினால் அது சோம்பல் அன்று. மலையில் இருக்கும் எனக்கு இந்தக் கவலை குறைவு, ஆயினும் கீழே இறங்கும் நாள்களில் குடையும் தண்ணீரும் இல்லாமல் இறங்குவதில்லை.

05.05.2024

வாய் வறட்சிக்கு மிட்டாய் சப்பலாம் என்று மார்ச்சில் எங்கோ சொன்னேன், சர்க்கரை நோயாளிக்கு அதைச் சொன்னது தவறு. மற்றவர்களுக்கும் தவறுதான். எச்சில் குறைந்த வாயில் பல் விரைவாகச் சொத்தையாகும். எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் அப்படிப் போயின. சர்க்கரை இல்லாத சூயிங்கம், அல்லது ஒரு ஏலக்காய், அல்லது அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். எச்சில் இல்லாத வாயில் தட்டுவடை செட் என்பது மணல், அனுபவித்தவள் சொல்கிறேன். சட்னியை அதிகம் வைக்கச் சொல்லிச் சாப்பிடவும்.

மலச்சிக்கலுக்குக் கீரை, தண்ணீர், இசப்கோல். நான்கு நாள் ஆகிவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீர் நீலப்பச்சையாக வருகிறது என்று மிகுந்த அச்சத்தோடு எழுதியவருக்கு: அரிதாக அமிட்ரிப்டிலினால் அப்படி நிறம் மாறும், அந்த நிறத்தால் மட்டும் தீங்கில்லை. ஐந்தாண்டுகளில் எனக்கு ஒரு முறை கூட அந்தக் காட்சி வாய்க்கவில்லை.

19.05.2024

மதுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். இரவு எட்டு மணிக்கு மாத்திரையும் ஒன்பது மணிக்கு மதுவும் சேர்ந்தால் தூக்கமும் மூச்சும் ஒருசேரத் தாழும்.

மூட்டு வலிக்கு எழுதும் டிரமடால் வலிப்பை வரவழைக்கக்கூடும், இதுவும் அதே இயல்புடையது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனினும் மிகும். ஃப்ளுவாக்செட்டின், பராக்செட்டின் ஆகிய புதிய மருந்துகள் கல்லீரலில் இது சிதைவதைத் தடுப்பதால், அளவை மாற்றாமலேயே இரத்தத்தில் அளவு ஏறிவிடும். லினசோலிட் என்ற கிருமிக்கொல்லியோடும் சேரக் கூடாது. பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அரைத்தாளில் உட்கொள்ளும் மாத்திரைகளின் உள்பெயரையும் அளவையும் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தால் போதும், பல் பிடுங்கப் போனாலும் அதை நீட்டலாம். என் தாள் மடிப்பில் கிழிந்து, இப்போது பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

16.06.2024

அம்மாபேட்டையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அம்மா இப்போது 50 மி.கி.யில் இருக்கிறார். வாய் வறட்சி போகவில்லை, தலைச்சுற்றல் போய்விட்டது. சென்ற வாரம் தறிக்கூடத்திற்குப் போய் நெய்யாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாராம், நேற்று பாவில் அறுந்திருந்த இரண்டு இழைகளை முடிச்சுப் போட்டாராம். அடுத்த ஞாயிறு மகனோடு ஏற்காட்டுக்கு வர விரும்புகிறார், வாந்தி வருமே என்று அஞ்சுகிறார்.

காலை ஏழு மணிப் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடிக்கவும். மாத்திரை வேண்டாம். ஒண்டிக்கடையில் நான் நிற்பேன். எலுமிச்சம்பழம் அங்கேயே வாங்கி வாருங்கள், மலையில் விலை அதிகம்.